கேட்டு வாங்கிய பனி

சுகிர்தா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, வெளியே பனி கொட்டத் தொடங்கியது. தொடர்ந்து நான்காவது செவ்வாய்க்கிழமை இப்படி நடக்கிறது.

"அங்கிள், உங்கட வீட்டுக்கு மேல முகில் என்ன வாடகைக்கு இருக்குதோ?" என்றாள்.

"எனக்கென்ன பிள்ளை தெரியும். காலம் கெட்டுப்போச்சு" என்றார் ஞானசீலன். திருட்டுத்தனமாகப் பால் குடித்த பூனையின் முகம் அவருக்கு.

காலநிலை தன்பாட்டில் கெட்டுப்போக வழியில்லாமல் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. ஏரிக்கு மேலே மிதக்கும் நானூறு ஊதுகலங்கள், மாடு சாய்க்கிறதுபோல முகில்களைச் சாய்த்துக்கொண்டு போகின்றன. அதற்குப் பெயர் முகிலோட்டி. பனியை இல்லாமலாக்க முகிலோட்டியால் முடியாது. வயலுக்கும் ஏரிக்கும் தண்ணீர் வேண்டுமே. எங்கே, எப்போது விழவேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். பெருந்தெருவில் விழாது, பள்ளிக்கூடத்தில் விழாது. மிச்சப் பனி எங்காவது விழத்தானே வேண்டும்? அதனால் வீட்டுக்கு வீடு ஆண்டுக்குப் பன்னிரண்டு 'பனிவிருப்பு' கொடுத்தது நகரம். நாளும் நேரமும் குறித்துக் கேட்டால் கேட்டவர் தெருவில் ஓரடிப் பனி. சறுக்கி விளையாடப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று எண்ணினார்கள். கேட்டவர்கள் எல்லாம் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள்.

காரணம், பனித்தங்கல் விதி. சுகிர்தா போன்ற பராமரிப்பாளர் ஒரு வீட்டுக்குள் இருக்கும்போது ஓரடிப் பனி விழுந்தால், வழி திறக்கும் வரை அவர் அந்த வீட்டிலேயே தங்கவேண்டும். முகிலோட்டிக்கு முந்திய காலத்தில், வீடு வீடாகப் போன ஒரு பெண் காருக்குள்ளேயே உறைந்துபோன பிறகு வந்த விதி அது. மற்ற நாட்களில் ஒரு வீட்டுக்கு ஐம்பது நிமிடம். குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, வாதம் அடித்த காலை நீட்டி மடக்கி, உணவு சூடாக்கி வைப்பதற்குள் நேரம் முடிந்தது என்று மணிக்கட்டுப் பட்டை துடிக்கத் தொடங்கிவிடும். பனி வந்தால் மட்டும் அது வாயை மூடிக்கொள்ளும்.

ஞானசீலனுக்கு எண்பத்தொரு வயது. மனைவி போய் ஆறு வருடம், வலது கால் வாதத்தில் விழுந்து நாலு வருடம். மகன் வன்கூவரிலிருந்து ஞாயிறுதோறும் சுவர்த்திரையில் வந்து கதைத்துவிட்டுப் போவான். செவ்வாயும் வெள்ளியும் சுகிர்தா வராவிட்டால் அவர் உடம்பில் வேறு மனிதக் கை படாது.

அவள் வருவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாசற்படியைத் தாண்ட முடியாதவர்களுக்கு மட்டும்தான் வீட்டுப் பராமரிப்பு. ஞானசீலனின் கணுக்காலில் பூட்டியிருந்த நடைமானி அவர் வைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணியது. நடைச்சட்டத்தைப் பிடித்து வீட்டுக்குள் எவ்வளவும் நடக்கலாம். துணையில்லாமல் படியைத் தாண்டிய அன்றே அவர் 'நலம் பெற்றவர்'. சுகிர்தா வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அவர் இருந்த எல்ம் ஒழுங்கை என்ற சின்னத் தெருவில், சுகிர்தா போகும் இன்னும் இரண்டு பேருக்கு இதே நிலை. இரண்டு வீடு தள்ளி முழங்கால் போன அருந்தவம், எதிர்வீட்டில் இதயம் பழுதான சந்தியாப்பிள்ளை. மூவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். நேரில் பார்த்து நாலு வருடம்.

பனியில் அகப்பட்ட செவ்வாய்களில் சுகிர்தா தேத்தண்ணி போட்டுக்கொண்டு பழைய கதை சொல்லுவாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வேலைக்கு வந்தபோது இருபத்துநாலு.

"அப்ப காரின்ர டிக்கிக்குள்ள பனி வழிக்கிற ஒரு சவள், ஒரு போர்வை, ஒரு பை மணல் எப்பவும் கிடக்கும் அங்கிள். ஒருக்கா மாசியில ஒரு வீட்டில மூண்டு நாள் அகப்பட்டனான். அந்த அன்ரி, நான், கடிதம் குடுக்க வந்த ஆள், பனி வழிக்க வந்த ஆள். மூண்டு நாளும் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடினனாங்கள். பனி வழிக்க வந்தவர் போலந்துக்காரர். ரெண்டாம் நாள் எங்களையே வெல்லத் தொடங்கிட்டார்."

"போலந்துக்காரன் துரும்பு கேட்டானோ?"

"தமிழிலயே கேட்டவர்!"

ஞானசீலன் சிரித்துச் சிரித்து இருமினார். அவரும் அந்தப் பனியைத் தெரிந்தவர். முப்பது வருடம் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் பாண் லொறி ஓட்டியவர். எந்தப் பனிக்குள் போனாலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து கோப்பி தந்த காலம் அது. அப்போதெல்லாம் சுகிர்தா போகும் வீடுகளில் சன்னல் திரை விலகியிருக்கும். வாசல்வரை ஒரு சப்பாத்து அகலத்துக்குப் பனியைச் சுரண்டி வழி செய்திருப்பார்கள், எழுந்து நிற்கவே மாட்டாதவர்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். அந்தப் பனியை யாரும் கேட்டு வாங்கவில்லை, அதனால் யாரையும் கோபிக்கவும் வேண்டியிருக்கவில்லை. 

அந்த நான்காவது செவ்வாயன்று கோப்பையை எடுத்துவைக்கப் போனபோது, சமையலறைச் சுவர்த்திரையை அணைக்க அவர் மறந்திருந்ததைக் கண்டாள். 'தைப்பொங்கல், வெள்ளி, காலை 10.10. உங்கள் பனிவிருப்பு ஏற்கப்பட்டது.' கள்ளன் அகப்பட்டுவிட்டான்.  திரையை அணைத்துவிட்டு வந்து அவர் காலைப் பிடித்து விரல்களை மடக்கினாள். கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று அவளுக்கும் பயம்.

பொங்கலன்று விடியவே எழும்பிப் புக்கை பொங்கினாள். மூன்று வீட்டுக்கும் மூன்று சட்டி. கயூப்பருப்பு வறுக்கிறேன், முந்திரிகைவற்றல் தேடுகிறேன் என்று நின்றதில் ஒரு பேருந்து போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் வேலைக்குப் பிந்தியது அன்றுதான். பத்து மணிக்கு ஞானசீலன் வீட்டில் நிற்கவேண்டியவள் பெருந்தெருவில் இறங்கியபோது பத்து பதினைந்து. வெயில் பளீரென்று அடித்தது, தார் காய்ந்து கிடந்தது. எதிரே எல்ம் ஒழுங்கையின் வாயில் மட்டும் வெள்ளைத் திரை ஒன்று வானத்திலிருந்து நிலம்வரை தொங்கியது.

ஓரடிப் பனிதானே என்று நினைத்தாள். பழைய பனியை மிதித்த கால்களுக்கு இது என்ன பெரிய காரியம்? பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஐம்பது அடி நடப்பதற்குள் முழங்கால்வரை ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வெயிலும் இல்லை, தெருவும் இல்லை. எந்தப் பக்கம் வந்தோம் என்பது மறந்துபோயிற்று. இன்னும் நாலு அடி வைத்தாள். புதைந்துகிடந்த எதிலோ இடறி, கணுக்கால் மடங்கி, விழுந்தாள்.

மணிக்கட்டுப் பட்டையில் பராமரிப்புப் பணியகத்தைக் கூப்பிட்டாள். இனிமையான குரல் ஒன்று சொன்னது: "நீங்கள் இருக்குமிடத்தில் விருப்புப் பனி பெய்கிறது. விண்ணப்பித்தவர்களின் விருப்பம் முழுமையாக நிறைவேறியதும், பிற்பகல் 4.10க்கு, மீட்பு ஊர்தி வரும். பொங்கல் வாழ்த்துகள்."

வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. அவள் ஞானசீலனைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்கட பனியை நிப்பாட்டுங்கோ."

"என்ர பனியோ?"

"எனக்கு எல்லாம் தெரியும் அங்கிள். ஒழுங்கைக்குள்ள விழுந்து கிடக்கிறன். கால் ஊண்டேலாமல் கிடக்கு. நிப்பாட்டுங்கோ!"

அவர் திரையைத் தட்டினார். திரை சொன்னது: 'பெய்யத் தொடங்கிய பனியைத் திரும்பப் பெற இயலாது. உங்கள் ஒழுங்கைக்கு இன்று மூன்று விருப்புகள். மூன்றும் முதலில் கேட்ட நேரத்திலேயே சேர்த்து வழங்கப்படுகின்றன.'

மூன்றா? அருந்தவத்தைக் கூப்பிட்டார்.

"ஓம் அண்ணை, நானும்தான் கேட்டனான்" என்று அழுதாள் அவள். "எனக்குப் பதினொண்டுக்கெல்லோ வாறவ. பதினொண்டு பத்துக்குக் கேட்டனான். நல்ல நாளில ஒருத்தரும் இல்லாமல் எப்பிடி அண்ணை இருக்கிறது?"

கிறிஸ்தவரான சந்தியாப்பிள்ளை பன்னிரண்டு பத்துக்குக் கேட்டிருந்தார். "வேதக்காரனுக்குப் பொங்கல் பிடிக்காதோ?" என்று முதலில் சீறினார். சுகிர்தா வெளியே கிடக்கிறாள் என்று கேட்டதும் சப்பாத்தைத் தேடத் தொடங்கினார்.

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே மூன்று பேரின் வினை நாலாவது ஆளைக் குளிரில் கிடத்திவிட்டது.

ஞானசீலன் மறுபடி அவளைக் கூப்பிட்டார். "பிள்ளை, கேக்குதோ?"

"கேக்குது அங்கிள். இப்ப குளிர் அவ்வளவா இல்லை. நித்திரை வாற மாதிரிக் கிடக்கு."

பாண் லொறிக்காரருக்கு அது போதும். பனிக்குள் குளிர் விட்டு நித்திரை வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். "கதை பிள்ளை, கதைச்சுக்கொண்டே இரு!" என்று கத்தினார். நடைச்சட்டத்தில் பெரிய அலுமினியச் சட்டியைக் கட்டினார். கதவைத் திறந்தார். பனி முகத்தில் அறைந்தது. படியில் நடைமானி பீப் என்று எச்சரித்தது. தாண்டினால் அவள் இனி வரமாட்டாள். தாண்டாவிட்டால் அவளே இருக்கமாட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டார்.

படியைத் தாண்டி, கரண்டியால் சட்டியில் அடித்தார். இரண்டு வீடு தள்ளி இன்னொரு சத்தம் எழும்பியது. எதிர்ப்பக்கத்தில் மூன்றாவது. ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. சத்தத்தை வைத்து ஒன்றுசேர்ந்து, சத்தத்தோடு முன்னேறினார்கள். ஒழுங்கையெங்கும் கல்யாணவீடுபோல அமளி. அருந்தவம் "இஞ்சால வா பிள்ளை, இஞ்சால!" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள். சந்தியாப்பிள்ளை மூச்சு வாங்கி வாங்கித் தேவாரம் எதையோ பாதியில் பாடினார். செபம் ஒன்றும் வாயில் வரவில்லையாம்.

சுகிர்தா சத்தம் வந்த பக்கம் தவழ்ந்தாள். முதலில் நடைச்சட்டத்தின் கால் கையில் பட்டது. பிறகு ஞானசீலனின் கை.

நாலு பேரும் அவர் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது நாலு பேருக்குமே ஞாபகமில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவள் காலை வைத்து, நாலு வருடமாக அவள் தனக்குச் செய்ததுபோல ஞானசீலன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். "எண்ணுங்கோ பிள்ளை, பத்துவரை எண்ணுங்கோ" என்று அவளுடைய வார்த்தையையே அவளுக்குச் சொன்னார். அருந்தவம் அவள் தலையைத் துவட்டினாள். கல்லாகிப்போன புக்கையைச் சூடாக்கினார்கள். சீட்டுக்கட்டு ஒன்று அலமாரியில் இருந்தது, நாலு பேரும் இருந்தார்கள், பிறகென்ன? சந்தியாப்பிள்ளை கள்ளம் விட்டார், அருந்தவம் பிடித்தாள். சன்னலுக்கு வெளியே மூன்றடிப் பனி. அந்தப் பிற்பகல் போல ஒன்று தன் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை என்று சுகிர்தா பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

சரியாக 4.10க்கு ஊர்தி வந்தது. கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம்.

திங்கட்கிழமை மூவருக்கும் கடிதம் வந்தது. படிக்கு வெளியே ஞானசீலன் வைத்தது அறுபத்திரண்டு அடி, அருந்தவம் நாற்பத்தெட்டு, சந்தியாப்பிள்ளை எழுபது. வாழ்த்துகள், நீங்கள் நலம் பெற்றீர்கள், வீட்டுப் பராமரிப்பு இத்துடன் நிறைவடைகிறது. சுகிர்தா பணியகத்துக்குப் போய், அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடைமானி பொய் சொல்லாது, அம்மா" என்றார். அவளை நகரத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள்.

மூவரும் இப்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரலாம். ஒரு மாதம் போய்வந்தார்கள். பங்குனியில் சந்தியாப்பிள்ளை குளியலறையில் வழுக்கி விழுந்தார். தூக்கிவிட ஆளில்லை. அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். அருந்தவத்துக்கு முழங்கால் மறுபடி இறுகிவிட்டது. அதை நீட்டி மடக்கத் தெரிந்த கை நகரத்தின் மறுகோடியில் இருந்தது.

எல்ம் ஒழுங்கையின் பதிவுகளை மட்டும் பணியகத்தின் கணிப்பொறி மறக்கவில்லை. நாலு வருடம் வீட்டுக்குள் கிடந்த மூவர் ஒரே நாளில் எழுந்து நடந்திருக்கிறார்கள். அன்று நடந்த புதுமை என்ன? மூன்றடிப் பனி. வராமற்போனது யார்? பராமரிப்பாளர். கூட்டிக் கழித்துப் பார்த்தது. அடுத்த பனிக்காலத்தில் 'பனிப்பயிற்சி' தொடங்கிற்று. நடக்கத் தயங்கும் முதியவர்களின் தெருக்களில் யாரும் கேட்காமலே கிழமைக்கொரு பெரும்பனி. அன்று பராமரிப்பாளர் போகக்கூடாது.

முதல் பயிற்சி நாளில் அட்டவணையில் எல்ம் ஒழுங்கையின் பெயரைக் கண்டதும் சுகிர்தா ஞானசீலனைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், என்ன செய்யிறியள்?"

"சப்பாத்துப் போடுறன்."

"வெளியில போகாதேங்கோ! நான் வரேல்ல அங்கிள். இஞ்ச, வேலையில நிக்கிறன். ஒருத்தரும் வரமாட்டினம்."

"தெரியும் பிள்ளை. நீ வரேல்லையெண்டு எனக்குத் தெரியும்."

"பிறகேன் போறியள்?"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காற்றின் இரைச்சலுக்குள் அவர் குரல் தேய்ந்து வந்தது. "வேற ஆரும் பிள்ளையள் வந்து விழுந்து கிடந்தால்? ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

பணியகத்தின் திரையில் அவர் பெயருக்கு நேரே எண்கள் ஏறத் தொடங்கி, பொங்கலன்று பனியில் அவர் நடந்த அறுபத்திரண்டைத் தாண்டின. அறுபத்து மூன்று, அறுபத்து நாலு, அறுபத்தைந்து. முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டு, அடுத்த கிழமைக்கு அவருக்கு இன்னும் ஓரடிப் பனி கூட்டி எழுதியது கணிப்பொறி.