அமாவாசையன்று வந்த தண்ணீர்

சௌந்திரம் மடியிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் அவற்றின் ஓரத்தை விரலால் பிடித்தபடியே நின்றாள்.

"எங்க ஊட்டுக் குழாயில தண்ணி வர மாட்டேங்குதுங்க. ஏன்னு கண்டுபுடிச்சுச் சொல்லோணும்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கோர்ட்டு அமீனாவாக இருந்து, ஜப்திக்குப் போன வீடுகளைக் கண்ணாலேயே அளந்து பழகியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, காணாமல் போனதைத் தேடித் தரச் சொல்லிச் செவ்வாய்ப்பேட்டை ஜனங்கள் அவரிடம் வர ஆரம்பித்திருந்தார்கள். கீழே சைக்கிள் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனர் பச்சமுத்து, யாராவது மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் கடையைப் போட்டுவிட்டுக் கூடவே ஏறி வந்துவிடுவார்.

"தண்ணி வரலைன்னா குழாய் மேஸ்திரியைக் கேக்கோணும் அம்மணி" என்றார் பச்சமுத்து.

"கேட்டனுங்க. ஏரி வத்திப்போச்சுங்கறார். ஆனா தெருமுனைக் குழாயில சனம் குடம் குடமாப் புடிக்குது. எங்க ஊட்டுல மட்டும் சொட்டுச் சொட்டா விழுது."

1938ஆம் வருஷத்துக் கோடை அது. அம்மாபேட்டையில் கிணறுகளெல்லாம் அடிமண் தெரிய வற்றிக் கிடந்தன. சௌந்திரத்தின் கணவன் செங்கோடனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தறியில் உட்கார்ந்திருந்தவன் கட்டிலோடு கட்டிலாகிவிட்டான். அவனைத் துடைக்கவும் துணி அலசவும் நாளெல்லாம் தண்ணீர் வேண்டும். தெருமுனையில் அவள் வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் அவன் தனியாகக் கிடப்பான். ஒருநாள் குடத்தோடு திரும்பி வந்தபோது, கட்டிலிலிருந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். யாருக்குக் கேட்கும் என்றான். அன்றைக்குத்தான் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாவது வீட்டுக்குள் நகரசபைக் குழாய் வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மூன்று மேஸ்திரிகள் வந்து பார்த்து எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றில் குறைந்தது மூன்றாமவர் வேலுமணி எழுதியது. அவரிடமே வேலையைக் கொடுத்தாள். இப்போது குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

"ஒருநாள்கூட நல்லா வரலையா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

சௌந்திரம் தயங்கினாள். "அமாவாசையன்னைக்கு வந்துச்சுங்க. அண்டா நெறஞ்சு வழிஞ்சுது. மறுநாளே பழையபடி ஆயிருச்சு. அதான் யாராச்சும் ஏதாச்சும் செஞ்சு வெச்சிருக்காங்களோன்னு..."

பச்சமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா மச்சான்? அமாவாசை. இது மேஸ்திரி சமாசாரமில்லை. மந்திரிச்சுக் கட்டறவன் சமாசாரம்."

நாச்சிமுத்து மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பதைச் சௌந்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதங்களை இவ்வளவு நேரம் யாரும் பார்த்து அவள் கண்டதில்லை.

"இதை உங்களுக்குப் படிச்சுச் சொன்னது யாருங்க?"

"எனக்குப் படிப்பு இல்லைங்க. பக்கத்து ஊட்டுக் குழந்தைவேல் அண்ணன்தான் அடியில இருக்கற தொகையைப் படிச்சுச் சொன்னார். சாயப்பட்டறை வெச்சிருக்கார். நான் தறிக்குத் தார் சுத்திக் கூலி வாங்கறதுகூட அவரு குடுக்கற நூல்லதான்."

"தொகையை மட்டுமா?"

"வேற என்ன இருக்குதுங்க அதுல?"

"தொகையைக் கடைசியாப் படிக்கோணும் அம்மணி. மொதல்ல என்ன வேலைன்னு படிக்கோணும்." அவர் முதல் காகிதத்தைத் தொட்டார். "இவரு தெருவுல இருந்து உங்க வாசல் வழியா நேரா வாரார். அரை அங்குலக் குழாய், துத்தநாகம் பூசினது. நகரசபைக்குக் கட்டற பணமும் இதுல சேர்த்தி. அதனால தொகை பெருசாத் தெரியுது. ரெண்டாமவரும் அதே வழிதான். ஆனா பூச்சில்லாத கறுப்புக் குழாய், சீக்கிரமே துருப்புடிச்சுப் போகும். நகரசபைப் பணத்தை நீங்க தனியாக் கட்டோணும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா மொதல் ஆளுக்கும் இவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை."

மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொன்னதாகத்தான் சௌந்திரம் நினைத்திருந்தாள்.

"வேலுமணி எழுதினது?" என்று கேட்டாள்.

"அதுதான் வேடிக்கை. இவரு வாசல் வழியா வரலை. பின்னால இருக்கற சந்து வழியாச் சுத்திக்கிட்டு வாரார். குழிவெட்டு நீளம், குழாயும் நீளம். அரை அங்குலம் போதுமான எடத்துல ஒரு அங்குலக் குழாய் போட்டிருக்கார். பூச்சுப் பூசினது. நகரசபைப் பணமும் சேர்த்தி. எல்லாம் அதிகம், தொகை மட்டும் குறைச்சல். இரும்பு விலைகூட இதுல தேறாது."

பச்சமுத்து எட்டிப் பார்த்து ஒரு வரியில் விரலை வைத்தார். "கெட்டிக்காரன். டீச் செலவைக்கூட எழுதிட்டான் பாருங்க. டீ, ஒண்ணு."

நாச்சிமுத்து அந்த வரியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஊட்டைப் பார்த்துட்டு வரலாம்."

*

அம்மாபேட்டைத் தெருவில் சாயப்பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. நூல் காயப்போடும் மூங்கில்கள் வெறுமனே வெயிலில் நின்றன. குழந்தைவேலின் பட்டறை மூங்கில்களில் மட்டும் நீலச் சாயமேற்றிய நூல் சிட்டங்கள் ஈரம் சொட்டத் தொங்கின. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு நாச்சிமுத்து அதன் எதிரே நின்ற விதத்தைப் பார்த்து அவளும் நின்றாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்கு அவர்களை அழைத்துப் போனாள். புதிதாக மூடிய குழியின் மண் பட்டறைச் சுவரை ஒட்டியே நீண்டு போயிருந்தது.

"இந்தச் சந்து யாருதுங்க?"

"அண்ணனுதுதான். குழாய் கொண்டுபோக அவருதான் எடம் விட்டார்."

நாச்சிமுத்து சுவரில் காதை வைத்தார். அவளையும் கைகாட்டிக் கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், கனமாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பட்டறையில தண்ணி எறைக்கறாங்களாட்ட இருக்குது" என்றாள்.

"எந்தக் கெணத்துல?"

அண்ணனின் கிணறும் மாசியிலேயே வற்றிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கிணற்றுக்காக அவர் வருத்தப்பட்டபோது ஆறுதல் சொன்னவளே அவள்தான். சுவரிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

*

பச்சமுத்து சைக்கிளில் போய் வேலுமணியை அழைத்து வந்தார். குழந்தைவேல் தானாகவே வந்தார். வரும்போதே முன்னறையில் நின்று, "என்ன மாப்ளே, வெயில் தாங்க முடியலையா?" என்று செங்கோடனைக் கேட்டு, அவன் காலடியில் கசங்கிக் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். செங்கோடன் கோணிய வாயால் சிரித்தான். இத்தனை உறவில் தன்னை நலம் விசாரிக்க மிஞ்சியவர் இவர் ஒருவர்தான் என்று அவன் அடிக்கடி சொல்வான்.

நால்வரும் புழக்கடைக்கு வந்தபோது சௌந்திரம் இடைக்கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்க. அவருக்குக் கேக்க வேண்டாம்" என்றாள்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"மேஸ்திரி, டீன்னா என்னங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

வேலுமணி குழந்தைவேலைப் பார்த்தார். "குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல போடற மூட்டுங்க."

"ஓர் ஊட்டுக்கு ஒரு குழாய். திரும்பற எடத்துக்கு முழங்கை மூட்டுப் போதும். பிரியறதுக்கு என்ன இருக்குது? கடைக்குக் குடுத்த சாமான் ஜாபிதாவைப் பழக்கத்துல அப்படியே எஸ்டிமேட்டுலயும் எழுதிட்டீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "நட்டத்துக்கு யாரும் வேலை செய்யமாட்டாங்க. தொகை தேறலைன்னா மிச்சத்தை வேற ஆரோ குடுத்திருக்கோணும். குடுத்தவருக்கு அந்தக் குழாயில ஏதாச்சும் ஆகவேண்டியிருக்கோணும். மத்த ரெண்டு பேரு என்ன கேட்டாங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான். படிச்சுச் சொன்னவர். ரெண்டையும் விடக் குறைச்சலா மூணாவது எஸ்டிமேட் வந்தது அப்படித்தான்."

"அமாவாசை?" என்றார் பச்சமுத்து.

"சந்துல பிரியற குழாய் பட்டறைத் தொட்டிக்குப் போகுது. அன்னைக்குப் பட்டறைக்கு லீவு. தொட்டியில தண்ணி எடுக்க ஆளில்லை. தொட்டிக் குழாயோட திருகை மூடிட்டுப் போயிருக்காங்க. நீ போய் இப்ப மூடு."

பச்சமுத்து சந்து வழியாக ஓடினார். குழந்தைவேல் தடுக்கவில்லை. வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழாய் ஒருமுறை இருமியது. மண்கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. பிறகு கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்து கல்லில் அடித்து எல்லார் காலையும் நனைத்தது. சௌந்திரம் எதையும் யோசிக்காமல் குடத்தை எடுத்து அடியில் வைத்தாள்.

"நான் வேலைக்காரனுங்க" என்றார் வேலுமணி. "வெட்டச் சொன்ன எடத்துல வெட்டினேன்."

குழந்தைவேல் அவளைப் பார்த்துத்தான் பேசினார். "ஆமா சௌந்திரம். பட்டறைக்குக் குழாய் கேட்டேன், கோடை முடியட்டும்னு நகரசபையில சொல்லிட்டாங்க. என்ன பண்ணச் சொல்றே? பட்டறை நின்னா உனக்குத் தார் சுத்த நூல் ஆர் குடுப்பா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

கடைக்குப் பூட்டுக்கூடப் போடாமல் வந்திருந்த பச்சமுத்து மூச்சுவாங்கத் திரும்பி வந்து நின்றார். "மனு எழுதுங்க மச்சான். இப்பவே போய்க் குடுத்துட்டு வாரேன்."

"எழுதுங்க" என்றார் குழந்தைவேல் அமைதியாக. "அமீனாவுக்குச் சட்டம் தெரியும். குழாய் ஆர் பேர்ல இருக்குது?"

சௌந்திரம் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். மாடி அறையில் காகிதத்தைப் படித்த அந்த முகத்தில் இப்போது படிக்க ஒன்றும் இல்லை.

"உங்க பேர்லதான் அம்மணி" என்றார். "ஊட்டுக் குழாய்த் தண்ணி தொழிலுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா, வெட்டறது உங்க குழாயைத்தான். அபராதமும் உங்களுக்குத்தான். உங்களுக்குத் தெரியாதுன்னு நான் வந்து சாட்சி சொல்லலாம். கேப்பாங்களான்னு சொல்ல முடியாது."

"குழாய் பிரியற அந்த மூட்டை மட்டும் அடைச்சுட்டா?" என்றாள்.

"அது சந்துக்கு அடியில இருக்குது. சந்து அவருது."

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை. இடைக்கதவுக்கு அப்பால் செங்கோடன் இருமும் சத்தம் கேட்டது. அவனுக்கு வேண்டிய தண்ணீரும், அவர்கள் இருவருக்கும் வேண்டிய சோறும் இந்த ஒரே மனிதர் கையில் இருக்கின்றன என்பது சௌந்திரத்துக்குக் கணக்குப்போல விளங்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"காலையில பட்டறை தொறக்கறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் திருகை மூடி வைப்பீங்களாண்ணா? அவரைக் குளிப்பாட்டற வரைக்கும்."

"அதுக்கென்ன, மூடச் சொல்றேன்" என்றார் குழந்தைவேல், ஏதோ உதவி கேட்கப்பட்டவர்போல.

வாசல்வரை வந்த நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "உங்களை எப்படி ஏமாத்தினாங்கன்னு சொல்றது வரைக்கும்தான் என்னால முடிஞ்சுது அம்மணி."

"தெரிஞ்சுக்கிட்டனே, அது போதுமுங்க" என்றாள் சௌந்திரம். போதாது என்று இருவருக்கும் தெரியும். பச்சமுத்து தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் விடிந்ததும் குழாய் பாய்ந்தது. சௌந்திரம் செங்கோடனைத் தாங்கிக்கொண்டு வந்து புழக்கடையில் பலகைமேல் உட்காரவைத்தாள். ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தலையில் தண்ணீர் விழுந்த சுகத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க."

"பாத்தியா, நீ புடிச்ச மேஸ்திரி நல்ல ஆளுதான்." வாய் குழறினாலும் அவன் உற்சாகமாகப் பேசினான். "ஏன் இப்படிப் பறக்கறே? மெதுவா ஊத்து. நம்ம ஊட்டுக் குழாய்தானே, தண்ணி எங்க போயிரும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சௌந்திரம் அவன் முதுகை வேகவேகமாகத் தேய்த்துவிட்டு, காலியாக இருந்த அண்டாவைக் காலாலேயே குழாயடிக்குத் தள்ளினாள்.