மூடிய கைக்குள் ஒரு பூ

லியோன் எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான்.

இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தான்.

டீ குடித்தான். சட்டையைத் தேய்த்தான். பைக் சாவி, பர்ஸ்... கடைசியாக, மாதா படத்துக்குக் கீழே இருந்த அந்த வெள்ளை உருண்டை.

எலுமிச்சம்பழ அளவு. கல் மாதிரி கெட்டி. ஒரு பக்கம் அவளுடைய விரல்கள் பதிந்த பள்ளங்கள். இன்னொரு பக்கம் ஐந்து இதழில் ஒரு சின்னப் பூ.

இது மோனிஷாவின் கைக்குள் இருந்தது.

அவள் செத்துக் கிடந்தபோது!

போன் அலறியது.

"தம்பி, கெளம்பிட்டியா?" தமிழ்ச்செல்வன். ஆஸ்பத்திரிக்குச் செயற்கை மூட்டு சப்ளை செய்கிறவர். மோனிஷா போன பிறகு தினமும் காலையில் கூப்பிடுகிற ஒரே ஆள். "சாப்டியா?"

"டீ குடிச்சேண்ணா."

"டீ சாப்பாடா? இட்லி வாங்கி வெக்கறேன். இன்னிக்கு கிளாஸு... உன்னால வர முடியுமா? அதே ஹாலு, அதே மாடிப்படி..."

"வரேண்ணா."

இண்டூரிலிருந்து தர்மபுரி வரை பைக் தானாகவே ஓடியது. லியோன் வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவன் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றியவர்களை எழுப்பி நடக்க வைப்பவன். மோனிஷா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சில மாதங்களுக்கு ஒருமுறை மூட்டு மாற்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அங்கே பயிற்சி வகுப்பு நடக்கும். பிளாஸ்டிக் எலும்பை அறுத்து, டெமோ மூட்டைப் பொருத்திப் பழகுவார்கள்.

போன வகுப்பு முடிந்த சாயங்காலம் மோனிஷா மாடிப்படியில் விழுந்தாள்.

பார்த்தது ஒரே ஒருவர். தமிழ்ச்செல்வன். படிக்குக் கீழே நின்றிருந்தாராம்.

"போன் அடிச்சுது தம்பி. 'எங்க வூட்டுக்காரரு கூப்புடறாரு, ஓடணும்ணா'ன்னு சொல்லிக்கிட்டே ஓடியாந்துச்சு. கால் தடுக்கிடுச்சு... அதான் அது கடைசியா பேசுனது."

போன் செய்தது லியோன்.

பரோட்டா ஆறுகிறது என்று சொல்ல!

அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்... அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவனுக்குள் முடியாமலே நின்றது.

* * *

"இந்த வாட்டி பிசியோவும் எலும்பு சிமெண்ட் கலக்கணும்!" டாக்டர் கலைவாணன் மைக் இல்லாமலே கர்ஜித்தார். கத்தாமல் பேசத் தெரியாத மனிதர். "நடக்க வெக்கிறவனுக்கு உள்ள என்ன ஒட்டியிருக்குன்னு தெரிய வேணாமா? ம், கலக்குங்க!"

பொடி. திரவம். மூக்கைப் பிய்க்கும் நெடி.

"மூட்டை ஒட்டுனது போக மிச்சத்தை உருட்டிக் கையிலேயே வெச்சுக்குங்க. மொதல்ல சப்பாத்தி மாவு. அப்புறம் சூடு. அப்புறம் கல்லு. உங்க கையில இருக்கறது கல்லாச்சுன்னா, பேஷண்ட் முட்டியில இருக்கறதும் கல்லாயிடுச்சு. அது வரைக்கும் எவனும் அசையக் கூடாது!"

"சார், மோதிரத்தைக் கழட்டணுங்களா?" பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி கேட்டாள்.

"எதுக்கு? பிளாஸ்டிக் எலும்புக்கு சீழ் புடிக்கப் போவுதா?"

ஹால் சிரித்தது.

லியோன் உருட்டினான். கையை மூடிக்கொண்டான். அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள்...

"காட்டுங்க, கல்லாச்சா?" பக்கத்தில் நிர்மலாதேவி. மோனிஷாவோடு ஒரே தியேட்டரில் வேலை பார்த்தவள். அவன் திறப்பதற்குள் மடங்கிய விரல்களுக்கு உள்ளே தன் விரலை விட்டு நெம்பினாள். "ம்ஹூம். இன்னும் மாவுதான். மோனியும் உங்கள மாதிரிதான். உருண்டையைக் காட்டவே மாட்டா. நெம்பித்தான் பாக்கணும்."

லியோன் உள்ளங்கையைப் பார்த்தான்.

உருண்டையில் ஒரு குட்டி இதயம்!

"இது... என்னங்க?"

"என் மோதிரம். வெரலை உள்ள வுட்டு நெம்புனேன் இல்ல, மேல் பக்கம் பதிஞ்சிடுச்சு."



லியோன் பாக்கெட்டிலிருந்து பழைய உருண்டையை எடுத்தான். பூ. எனக்காக அவள் செய்த பூ என்று நினைத்திருந்தான். தினமும் படுக்கும்போது அதற்கு முத்தம் கொடுத்திருந்தான்.

இது அவள் செய்த பூ இல்லை. அவள் கையை நெம்பிய எவனோ ஒருவனின் மோதிரம்!

திருப்பிப் பார்த்தான். ஐந்து இதழ். நான்கு குட்டை... ஒன்று மட்டும் நீளம்.

நான்கு கால். ஒரு தலை.

ஆமை!

ஹாலில் இருந்த கைகளை எல்லாம் பார்த்தான். கல் வைத்த மோதிரம். நெளி மோதிரம். சிலுவை மோதிரம்...

கடைசி மேஜையில் ஒரு கை சிமெண்ட் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விரலில் ஒரு தங்க ஆமை.

தமிழ்ச்செல்வன்!

படிக்குக் கீழே நின்றவரின் மோதிரம் அவள் கைக்குள் எப்படி வந்தது?

அப்போதுதான் நினைவு வந்தது. விழுந்த அன்று காலை மோனிஷா தலை வாரிக்கொண்டே சொன்னாள். "யோவ் பிசியோ, போன கிளாஸ்ல பிளாஸ்டிக் எலும்புல அடிச்ச டெமோ மூட்டு ஒண்ணு புது டப்பாவுல தியேட்டருக்கு வந்திருக்குது. அதே கீறலு! இதையா மனுசங்க முட்டியில வெக்கறாங்க?"

லியோன் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தான். "சரி சரி" என்றிருந்தான்.

இரண்டு உருண்டைகளையும் கலைவாணன் முன்னால் கொண்டுபோய் வைத்தான். சொன்னான். கர்ஜிக்கும் மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை பேரு முட்டியில நானே வெச்சேனோ..." முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "போலீஸைக் கூப்பிடறேன். ஆனா, ஒரு அச்சு போதுமா லியோன்? ஊருல பாதிப் பேரு கையில ஆமை இருக்குது."

"இன்னொரு பாக்கெட் சிமெண்ட் குடுங்க சார்."

* * *

இன்ஸ்பெக்டர் கோகிலவாணி வந்து படிக்கட்டுக்குக் கீழேயும், கலைவாணன் மேலே கதவுக்குப் பின்னாலும் மறைந்துகொண்ட பிறகே லியோன் பாக்கெட்டைப் பிரித்தான். முழுப் பாக்கெட்டையும் கலந்து உருட்டினான்.

"தமிழண்ணா, ஒரு நிமிஷம்."

"என்ன தம்பி, இங்க வந்து நிக்கற?" தமிழ்ச்செல்வன் படியேறி வந்தார். கையில் இட்லிப் பொட்டலம். "இந்த எடத்தைப் பாத்தா உனக்கு மயக்கம் வரும்ப்பா. வா, வா."

"மோனிஷா ஒரு ஆதாரம் வெச்சுட்டுப் போயிருக்காண்ணா. டெமோ மூட்டு விஷயமா."

பொட்டலம் நழுவியது.

"என்ன... ஆதாரம்? எங்க?"

"கையில இருக்கு."

தமிழ்ச்செல்வனின் முகம் சுண்ணாம்பானது. இதே வார்த்தையை, இதே படியில், முன்பும் ஒருமுறை கேட்டவர் போல!

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். ஆளில்லை. சிரித்தார்.

"குடு தம்பி. அண்ணன் பாத்துக்கறேன்."

"மாட்டேன்."

பாய்ந்தார்! மூடிய கைக்குள் விரல்களை நுழைத்து நெம்பினார். அடுத்த நொடி, லியோன் இன்னொரு கையையும் சேர்த்து இறுக்கினான். சிமெண்டுக்குள் நான்கு விரல்கள் சிக்கிக்கொண்டன.

"இப்படித்தானே நெம்புனீங்க?"

"டேய்... என்ன பண்ற! விடு!"

"அசையக் கூடாதுண்ணா. கல்லாகற வரைக்கும்."

சூடு ஏறியது. வெந்நீர்ச் சூடு. பிறகு அடுப்புச் சூடு.

"ஐயோ, சுடுதுடா! உனக்குந்தானே சுடும்!"

"எனக்கு அவ போன நாள்லேர்ந்து சுடுது. சொல்லுங்கண்ணா."

"சொல்றேன்! சொல்றேன்! டாக்டர்கிட்ட சொல்லிருவேன்னு நின்னா. ஆதாரம் எங்கன்னு கேட்டேன். கையில இருக்குன்னு மூடிக்கிட்டா. நெம்பிப் பாத்தேன். வெறும் சிமெண்டு தம்பி! வெறும் கையை மூடி என்னை ஏமாத்துறாளேன்னு ஆத்திரம்... தள்ளிட்டேன்."

மேல்படிக்கு வந்த கலைவாணன் கண்களை மூடிக்கொண்டார். கீழேயிருந்து பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

லியோன் கையை விடவில்லை. அவனுக்குக் கேட்க வேண்டியது வேறு.

"போன் எப்ப அடிச்சுது?"

"என்ன?"

"என் போன்! எப்ப அடிச்சுது?"

"அவ... விழுந்தப்புறம். கீழ கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதை வெச்சுத்தான் அந்தப் பேச்சை நானே கட்டுனேன்."

லியோனின் கைகள் தளர்ந்தன. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவன் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்தான். இத்தனை நாளாக வராத அழுகை, நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது.

தமிழ்ச்செல்வனின் விரல்கள் வெள்ளைக் கல்லுக்குள் அப்படியே இருந்தன.

"வெலங்கை இவரே மாட்டிக்கிட்டாரு போல," என்றாள் கோகிலவாணி.

"மேடம், ஒரே நிமிஷம்." லியோன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்ப அவ கடைசியா என்னதான் சொன்னா?"

தமிழ்ச்செல்வன் தன் கையையே வெறித்தார்.

"அன்னிக்கு எனக்குப் புரியல தம்பி. வெரலை உள்ள வுட்டு நெம்பறேன், அது பயப்படவே இல்ல. என் மோதிரத்தைப் பாத்துச்சு. என் மூஞ்சியைப் பாத்துச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு..."

"என்னன்னு?"

"'இன்னும் நல்லா அழுத்துங்கண்ணா... காயலை!'"