ஐம்பதைத் தாண்டிய முள்

தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. வெளியே மூச்சு விட்டால் புகையாகக் கிளம்புகிற குளிர், ஹீட்டரையோ காலைக் குளியலோடு அணைத்தாயிற்று. அப்படியிருக்க, படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்தக் கேம்பர் வேனின் சமையல் மேடைக் குழாயைத் திறந்ததும் விரல்மேல் விழுந்த தண்ணீர், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி சுட்டது. சட்டென்று கையை இழுத்துத் துண்டில் துடைத்தாள். துடைத்த பிறகும் விரலிடுக்கில் வழவழப்பு போகவில்லை.

"ஏங்க, இந்தத் தண்ணி என்னவோ மாதிரி இருக்குங்க."

"ஒண்ணும் ஆகாது," என்றான் கணவன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த மனிதனுக்கு எதற்குமே ஒன்றும் ஆகாது. டயர் தேய்ந்தாலும் ஆகாது, பிள்ளைக்கு இருமல் வந்தாலும் ஆகாது. முந்தின நாள், இந்த மாதிரி வண்டிகள் தங்குகிற இந்த மைதானத்துக்குள் வண்டியை நிறுத்தியபோதே காவல்காரர் வந்து படித்துப் படித்துச் சொன்னார். "சார், இங்க மேட்டுல இருந்து தண்ணி வருது, வேகம் ஜாஸ்தி. உங்க வண்டிக்குள்ள ஓடுற பைப்பெல்லாம் தாங்காது. ரெகுலேட்டர மாட்டிட்டுத் திறங்க. பிரஷர் மீட்டர்ல முள்ளு ஐம்பதைத் தாண்டவே கூடாது." அவரெதிரே தலையை ஆட்டிவிட்டு, தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிற அந்தப் பித்தளைத் துண்டை மாட்டவும் செய்தான். ஆனால் மறுநாள் காலை ஷவரில் தண்ணீர் ஒல்லியாக விழவே, "இது குளியலா, சொட்டு மருந்தா?" என்று கத்திக்கொண்டு போய் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹோஸ் பைப்பை நேராக வண்டியில் சொருகினான். அப்புறம் அரை மணி நேரம் ஆனந்தக் குளியல். பாட்டு வேறு.

இப்போது மேடையருகே குனிந்தவளுக்கு வாடையும் தெரிந்தது. சாக்கடை நாற்றமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பல நாள் பிரிக்காத புண் கட்டைப் பிரித்தால் குப்பென்று ஒன்று வருமே, மருந்தும் சீழும் கலந்து, அது.  சீ, கர்மம் என்று குழாயை மூடினாள்.

"வந்து மோந்து பாருங்க. இதைப் போய்ப் பாப்பாவுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

அவன் எழுந்து வந்தான். மோந்து பார்க்கவில்லை. வீம்புக்கென்றே ஒரு கிளாஸ் நிறையப் பிடித்து மடமடவென்று குடித்து, காலி கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினான். கிளாஸின் விளிம்பிலிருந்து ஒரு நூல் கீழே இறங்கியது. அறுந்து விழாமல், கெட்டியாக, பளபளவென்று தொங்கியது.

"பாரு. எனக்கு என்ன ஆச்சு?"

அவள் கிளாஸைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டாள். ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. பாப்பாவின் தொண்டையில் இதில் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளை, விளையாடி முடித்தால் சொம்பு சொம்பாகக் குடிப்பவள். கடையில் வாங்கிய பாட்டிலில் அரைவாசி இருந்தது. அதை ஒளித்து வைத்து, கேட்கும்போதெல்லாம் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் அதுவும் தீர்ந்தது. "தண்ணி, தண்ணி" என்று சிணுங்கியபடியே பிள்ளை கட்டிலில் சுருண்டு தூங்கிப் போனது. கணவன் வயிறு திம்மென்று இருக்கிறது என்று சொல்லிக் குளியலறைக்குள் போனவன்தான், சத்தத்தையே காணோம்.

"என்னங்க, வாந்தி வருதா?"

"ம்," என்றான் உள்ளேயிருந்து. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு சொல்வதுபோல் இருந்தது.

நல்லா வேணும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, காவல்காரரிடம் நல்ல தண்ணீர் கேட்கலாம் என்று காலி பாட்டிலோடு இறங்கினாள். மூடுபனி இறங்கியிருந்தது. வேனின் பக்கவாட்டில், ஹோஸ் பைப் நுழைகிற இடத்தில் இருந்த மீட்டர் தற்செயலாகக் கண்ணில் பட்டது. முள் ஐம்பதில் இல்லை. எழுபதில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தைந்துக்கு ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. பைப் வெடித்தால் பிள்ளை படுத்திருக்கிற இடமெல்லாம் அந்தச் சனியன் தண்ணீர்தான் என்ற நினைப்பில் பதறிப்போய், மைதானத்துக் குழாயை இறுக்கி மூடினாள்.

முள் இறங்கவில்லை.

குழாயிலிருந்து ஹோஸ் பைப்பையே பிடுங்கினாள். அதன் வாயிலிருந்து நான்கு சொட்டு விழுந்து நின்றது. வெளியிலிருந்து ஒரு துளிகூட இனி வண்டிக்குள் போக வழியில்லை. முள் எண்பதுக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது. ஒரே சீராக. நாடி துடிக்கிற மாதிரி. 

அழுத்தம் உள்ளேயிருந்து வருகிறது.

அழுத்தம் அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு குழாயைத் திறந்து வடிய விட வேண்டும். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஓடிவந்து சமையல் மேடைக் குழாயை முழுக்கத் திருகினாள். குழாய் இருமியது. காற்றைக் கக்கியது. பிறகு வந்தது. பாலாடை போன்ற தோல், மடிப்பு மடிப்பாக. அதில் சுற்றிக்கொண்டு ஈர மயிர். கஞ்சிபோல் கலங்கிய வெந்நீர். வாடை முகத்தில் அறைந்தது. தோல் தொட்டியின் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டது. அடைத்த இடத்தில் மெல்ல உப்பியது, அமுங்கியது. கையால் எடுத்துவிட வேண்டும். கை போகவே மாட்டேன் என்றது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கு வழியாக அவளுடைய வாந்தியே வழிந்தது.

பின்னால் மரம் நெறிபடுகிற சத்தம்.

கட்டில். பாப்பாவின் கட்டில். அதன் அடியில்தான் தண்ணீர் டேங்க். வெளி அழுத்தம் அதிகமானால் பம்பின் வால்வு விட்டுப்போகும், தண்ணீர் டேங்க்குக்குள் ஏறி அதை உப்ப வைக்கும் என்றும் காவல்காரர் சொல்லியிருந்தார். யார் காதில் வாங்கினார்கள்? திரும்பினாள். கட்டில் பலகை நடுவில் வில்லாக வளைந்து மேலே தூக்கியிருந்தது. பலகைக்கும் சுவருக்கும் இடையில் வெள்ளை பிளாஸ்டிக் பிதுங்கிக்கொண்டிருந்தது, நிறைமாத வயிறு மாதிரி. தொட்டாள். சூடு. உள்ளேயிருந்து மெத்தென்ற ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டது.

வீறிட்டுக் கையைப் பிடுங்கினாள்.

போர்வை கீழே கிடந்தது.

கட்டிலில் பிள்ளை இல்லை.

"பாப்பா!"

பதில் இல்லை.  "பாப்பா, எங்கடி இருக்க?"

"இங்கம்மா."

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

கணவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. சட்டைப் பித்தான்கள் தெறித்து, வயிறு மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. வாய் ஆவென்று திறந்திருக்க, அதிலிருந்து அந்தக் கலங்கல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் குமட்டவில்லை. உமட்டவில்லை. மூச்சுகூட விடவில்லை. திறந்துவிட்ட குழாய். அவ்வளவுதான். தோலும் மயிரும் மோவாயில் வழிந்தன. ஒரு நொடி வேகமாக, ஒரு நொடி மெல்ல. சீராக.

அவன் எதிரில் பாப்பா மண்டி போட்டிருந்தாள். இரண்டு பிஞ்சுக் கைகளையும் குவித்து அப்பாவின் மோவாய்க்கட்டைக்குக் கீழே ஏந்தியிருந்தாள். கை நிறைந்து வழிந்தது. உதடெல்லாம் பளபளவென்று இருந்தது.

"ரொம்பத் தாகமா இருந்துச்சும்மா," என்றாள். "அப்பாகிட்ட நல்லா வேகமா வருது."

சொல்லிவிட்டுக் குனிந்து, கையிலிருந்ததை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மறுபடி ஏந்தினாள்.