பதினோரு பயணிகள்

இடிக்கப்போகும் கட்டடங்களை அளந்து குறித்துக்கொண்டு வருவது என் வேலை. அந்தக் கிளைப்பாதை ஸ்டேஷனுக்கு நானும் ஜீப் டிரைவர் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பிளாட்பாரம் முழுக்க முட்செடி.

பழைய ஃபைலைப் படித்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் அடைமழை நாள். மேட்டில் இருந்த ஏரி தளும்புகிறது, மீட்பு வண்டி வருகிறது என்று தகவல் வந்ததும் பயணிகள் பதறி வெள்ளத்தில் இறங்கப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களைப் பயணிகள் அறைக்குள் வைத்துப் பூட்டினார். "வண்டி வந்ததும் திறக்கிறேன்" என்றாராம். ஏரிதான் முதலில் வந்தது. உள்ளே பதினோரு பேர். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ரயிலே ஓடவில்லை.

"சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுங்கம்மா" என்றார் அண்ணன், ஸ்டியரிங்கை விடாமல்.

"பட்டப்பகல்ல என்னண்ணே பயம்?"

"பயமா, எனக்கா? வயிறு சரியில்ல."

பயணிகள் அறையின் துருப்பிடித்த பூட்டு கல்லால் ஒரு தட்டுத் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஈரச் சேற்று வாடை. தரையோ காய்ந்து வெடித்திருந்தது. டேப்பின் நுனியை எதிர்ச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வாசல்வரை வந்தேன். நுனி கழன்று விழுந்தது. சலித்துக்கொண்டு திரும்பினேன்.

டேப் மறுபடி விறைத்து நின்றது.

யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. கும்மிருட்டு. கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது.

தண்ணீர்.

முழங்கால். இடுப்பு. என்னைச் சுற்றிலும் மூச்சு வாங்கும் சத்தம். கதவை ஓங்கி ஓங்கி அடித்தேன். என் இரண்டு கைகளோடு இன்னும் பல கைகள் சேர்ந்து அடித்தன.

"அம்மா, எனக்குக் கால் எட்டல" என்றது ஒரு குழந்தை.

காதோரம் ஒரு பெண் குரல், மெல்ல. "வண்டி வந்துடுச்சாம்மா?"

தண்ணீர் கழுத்தைத் தொட்டது. என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை.

"வந்துடுச்சு! வெளிய நிக்குது!"

கதவு திறந்துகொண்டது.

குளிர்ந்த தோள்கள் என்னை உரசிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே போயின. எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன். பதினொன்று.

என் உடையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஓடிப்போய் ஜீப்பில் ஏறி, "எடுங்கண்ணே, எடுங்க!" என்று கத்தினேன். அவர் சட்டென்று கிளப்பினார்.

மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் இன்ஜின் முக்கி முனகியது.

"பின்னாடி ஏதாச்சும் ஏத்துனீங்களாம்மா? வண்டி இழுக்கவே மாட்டேங்குதே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின் சீட்டு கிறீச்சிட்டது. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்காருகிற சத்தம்.

"மெதுவா போகச் சொல்லும்மா" என்றது அந்தப் பெண் குரல். "குழந்தை இப்பத்தான் கண்ணசந்தா."

அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.