மை தீட்டிய கண்ணாடி

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பெய்யலாமா வேண்டாமா என்று மாசாய் ஊரின் வானம் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஷாந்தினியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க வித்த கண்ணாடி என் வீட்டுக்காரரைத் திருடனாக்கிடுச்சு," என்றாள்.

கல்லாவுக்குப் பின்னால் சட்டங்களின் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்த தேன்மொழி சட்டென்று நிமிர்ந்தாள். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஷாந்தினியின் முகத்தில் மாற்றமில்லை. கண் பரிசோதிப்பதும் துப்பறிவதும் அவளுக்கு ஒரே வேலை. இது தெளிவாகத் தெரிகிறதா, அதுவா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போவாள். அக்கம்பக்கத்தில் காணாமல்போன மோதிரங்கள் இரண்டும், பெயரில்லாக் கடிதம் ஒன்றும் அப்படித்தான் தெளிந்தன.

"கஸ்தூரிதானே? போன மாசம் சைக்கிளுக்குன்னு கண்ணாடி வாங்கினீங்க. முதல்ல உட்காருங்க. தேன்மொழி, தண்ணி."

கஸ்தூரி உட்கார்ந்தாள். பையின் கைப்பிடியில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. கைக்கடிகாரத்தின் முகத்திலும் மெல்லிய பாதுகாப்புத் தாள் பிரிக்கப்படாமல் ஓரத்தில் சற்றே மடங்கியிருந்தது.

அவள் கணவன் ரூபேந்திரன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்பவன். 'விடிவெள்ளி' சைக்கிள் குழுவில் மூன்று ஆண்டுகளாக மிதிப்பவன். அடுத்த மாதம் அந்தக் குழுவில் எட்டுப் பேர் சிகாமட்வரை இரண்டு நாள் பயணம் போகிறார்கள். ரூபேந்திரன் பிறந்தது சிகாமட்டில். பிறந்த ஊருக்குள் ஒருநாள் சைக்கிளில் நுழைய வேண்டும் என்பது அவன் வெளியே சொல்லாத ஆசை. ஆள் பொறுக்குவதற்காகப் போன ஞாயிறு மாசாயிலிருந்து லாயாங் லாயாங்வரை ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. வழியில் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது; அதுதான் ஒரே விதி.

"இவருக்குக் கூலாய் தாண்டி பங்சர்," என்றாள் கஸ்தூரி. "அரை மணி நேரம் பின்னாடி விழுந்துட்டாரு. ஆனா லாயாங் லாயாங்ல மத்தவங்க சேர்ந்து அஞ்சே நிமிசத்துல இவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. தண்ணி கொண்டுபோன வேன்ல ஏறி வந்துட்டாருன்னு தலைவர் மனோகரன் சொல்றாரு."

"வேன் யாருடையது?"

"ஐயாசாமி அண்ணன். எங்க பக்கத்து வீடு. அவர் ஏத்தலன்னு சத்தியம் பண்றாரு. பக்கத்து வீட்டுக்காரன் அப்படித்தான் சொல்வான்னு யாரும் நம்பல."

"சரி. இதுல கண்ணாடி எங்க வந்துச்சு?"

கஸ்தூரி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். உச்சியை நோக்கி ஏறும் வெயில். லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரே பதினோரு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பத்துப் பேர் கண்களில் கறுத்த கண்ணாடி. பதினோராவது ஆளான ரூபேந்திரனின் கண்ணாடி மட்டும் தண்ணீரைப் போல வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் அவன் கண்கள் கூசிச் சுருங்கியிருப்பதுகூடத் தெரிந்தது.

ஷாந்தினி மெல்ல மூச்சுவிட்டாள். குழுவினர் எல்லாருமே இதே வகைக் கண்ணாடியை இவளிடம்தான் வாங்கினார்கள். விடியுமுன் ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. வெறும் கண்ணாடியோ பத்து மணி வெயிலுக்கு உதவாது. செம்பனைத் தோட்டச் சாலையில் நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். ஆகவே வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறுவதை வாங்குங்கள் என்று சொன்னவள் அவள்தான். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தாள்: இதைக் கறுக்க வைப்பது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும், வண்டிக்குள் இது கறுக்காது.

"அன்னிக்கு நீங்க சொன்னதைத்தான் மனோகரனும் சொல்றாரு," என்றாள் கஸ்தூரி. "வேனுக்குள்ள உட்கார்ந்து வந்ததாலதான் வெளுத்துக் கிடக்குன்னு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பேர்ப் பட்டியல் அனுப்புறாங்க. இவரு பேர் இருக்காது."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஒன்னும் சொல்லல அக்கா. அதுதான் பயமா இருக்கு. கண்ணாடியப் பத்திக் கேட்டா எடுத்துப் பெட்டியில வச்சு மூடிடுறாரு. சைக்கிள வித்துடலாம்னு நேத்து சொல்லிட்டாரு. பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா வாயத் திறக்க மாட்டேங்கிறாரே?"

"அலமாக்! கண்ணாடிய யாரோ மாத்திட்டாங்க!" தேன்மொழி குதித்தாள். "அந்த ஐயாசாமிய ஒரு பிடி பிடிச்சா உண்மை வந்துடும்!"

"பாவம், அவர் ஏற்கெனவே சத்தியம் பண்ணிக் களைச்சுப்போயிருப்பார்," என்றாள் ஷாந்தினி. "கஸ்தூரி, வேற படம் இருக்கா?"

இன்னொன்று இருந்தது. அதே இடம், யாரோ பின்னாலிருந்து எடுத்தது. பத்து மஞ்சள் முதுகுகள் சுத்தமாக இருந்தன. ரூபேந்திரனின் முதுகில் மட்டும் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக் கோடு ஓடியது.

"டயர் மாத்துறப்ப அழுக்காயிருக்கும்," என்றாள் தேன்மொழி.

"டயரை முதுகால மாத்துவாங்களா?"

தேன்மொழி திருகாணிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷாந்தினி முதல் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கினாள். ரூபேந்திரன் கையில் ஐஸ் குச்சி ஒன்று இருந்தது. குச்சி மட்டும், ஐஸ் இல்லை. பிறகு அவன் முகத்தை இன்னும் பெரிதாக்கினாள். வெளுத்த வில்லையின் விளிம்பைச் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு.

"அது சட்டம்லா," என்றாள் தேன்மொழி.

ஷாந்தினி அலமாரியிலிருந்து அதே வகைக் கண்ணாடி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். தேன்மொழி விரலால் தடவிப் பார்த்தாள். மேலே மட்டுமே சட்டம். கீழ் விளிம்பு வெறும் வில்லை.

"அப்போ இந்தக் கோடு?"

ஷாந்தினி கஸ்தூரியிடம் திரும்பினாள். "வாங்கின அன்னிக்கே அவர்கிட்டக் கொடுத்துட்டீங்களா?"

"இல்லக்கா. எங்க கல்யாண நாளுக்கு வாங்கினது. மூணு நாள் என் பையிலேயே வச்சிருந்துட்டு அப்புறம்தான் கொடுத்தேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு உங்க குழு எங்க கூடும்?"

"திடல்ல, குடிசைக் கடைக்கு முன்னாடி."

"அவரையும் கண்ணாடியையும் கூட்டிட்டு வாங்க. ஐயாசாமியையும். நான் மனோகரன்கிட்டப் பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் கருணையின்றி அடித்தது. கூரை போட்ட குடிசைக் கடையின் முன்னால் சைக்கிள்கள் வேலியில் சாய்ந்திருந்தன. மனோகரன் உயரமானவர், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், விதியென்றால் தன் தம்பிக்கும் தளர்த்தமாட்டார் என்று பெயர். ஐயாசாமி கைகளைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். ரூபேந்திரன் யாரையும் பார்க்காமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் கண்ணாடிப் பெட்டி மூடியே இருந்தது.

"எனக்கு ரூபன் மேல கோபம் இல்ல," என்றார் மனோகரன். "ஒத்துக்கிட்டா அடுத்த வருசம் வரட்டும். கண்ணாடியப் பத்திச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

"நான்தான். ஆனா பாதிதான் சொல்லியிருக்கேன் போல," என்றாள் ஷாந்தினி. "வண்டிக்குள்ள கறுக்காது, சரி. வெளிய வந்தா எவ்வளவு நேரத்துல கறுக்கும்?"

"ஒரு நிமிசம்," என்றார் மனோகரன்.

"படத்துல ரூபேந்திரன் கையில இருக்கிற ஐஸ் குச்சியைப் பாருங்க. வாங்கி, கடைசிவரைக்கும் தின்னு முடிச்சிருக்கார். குறைஞ்சது நாலு அஞ்சு நிமிஷம் வெயில்ல நின்னிருக்கார். வேன்ல வந்திருந்தாலும் அதுக்குள்ள கண்ணாடி கறுத்திருக்கணும். ஆக, அது வெளுத்து இருக்கிறதுக்கும் வேனுக்கும் சம்பந்தமே இல்ல."

குழுவில் யாரோ "அட ஆமாலா," என்றார்கள். மனோகரன் நெற்றியைச் சுருக்கினார்.

"சரி, கண்ணாடிய விடுங்க. அரை மணி நேரத்த எப்படிப் பிடிச்சான்?"

"வழியில நீங்க எங்கயாவது நின்னீங்களா?"

மனோகரன் சற்றுத் தயங்கினார். "ரொட்டி சானாய் சாப்பிட்டோம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு... இருபத்தஞ்சு நிமிசம்."

"முப்பத்தஞ்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணன் ரெண்டாவது கிளாஸ் தே தாரிக் கேட்டாரு." சிரிப்பு எழுந்தது. மனோகரன் திரும்பி முறைத்ததும் அடங்கியது.

"மழை?"

"எங்களுக்கு ஒரு துளிகூட இல்ல."

"உங்களுக்கு இல்ல. உங்க பின்னாடி வந்தவருக்கு இருந்துச்சு." ஷாந்தினி இரண்டாவது படத்தை நீட்டினாள். "மட்கார்ட் இல்லாத சைக்கிள்ல ஈர ரோட்டுல போனா, பின்சக்கரம் சேத்தை நேரா முதுகெலும்பு மேல வாரி அடிக்கும். இந்தக் கோடு அதுதான். வேன்ல உட்கார்ந்து வந்தவர் முதுகுல இது விழாது. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப இவர் பட்டினியோட மழையில மிதிச்சுக்கிட்டு இருந்தார்."

"அத்தனை தடவை சொன்னேனே!" ஐயாசாமி கைகளை உதறினார். "டியூப்பக் கொடுத்தேன், 'நீங்க தண்ணியோட முன்னால போங்கண்ணே'ன்னு அவனேதான் அனுப்பிவிட்டான். என் பேச்ச யாரு கேட்டீங்க?"

மனோகரன் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்தார். ஆனால் அவர் நேர்மையானவர். எஞ்சியிருந்த கேள்வியையும் விடவில்லை. "அப்படின்னா இந்தக் கண்ணாடி ஏன் கறுக்கல? போலியா?"

அந்தச் சொல் விழுந்த கணத்தில் ரூபேந்திரனின் கை பெட்டியை இறுகப் பிடித்ததை ஷாந்தினி கவனித்தாள். ஒரு வாரத்து மௌனத்தின் காரணம் அந்தப் பிடியில் இருந்தது.

"நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்க, இல்லையா?" என்று மென்மையாகக் கேட்டாள். "முதல் நாள்லேருந்தே அது நிறம் மாறல. மனைவி ஏமாந்துட்டாங்கன்னு நினைச்சீங்க. அதை இத்தனை பேர் முன்னால சொல்றதைவிடத் திருட்டுப் பட்டமே பரவாயில்லன்னு விட்டுட்டீங்க."

ரூபேந்திரன் தலை நிமிரவில்லை. "அவ ரெண்டு மாசம் ஓவர்டைம் செஞ்சு வாங்கினது," என்றான், தரையைப் பார்த்தபடி.

"ஏங்க!" கஸ்தூரியின் குரல் உடைந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் ஏமாறல," என்றாள் ஷாந்தினி. "விக்கிறப்பவே பாதி வில்லையை அட்டையால மறைச்சு, மீதி வெயில்ல கறுக்கிறதை இவங்களுக்குக் காட்டினேன். ஆக, என் கடையை விட்டுப் போன பிறகுதான் ஏதோ நடந்திருக்கு. படத்துல வில்லையோட விளிம்பு மட்டும் கறுத்திருக்கு. விளிம்பு கறுத்தா வில்லை நல்லதுன்னு அர்த்தம். நடுவுலதான் எதுவோ கதிரை மறிக்குது. பார்த்தாத் தெரியாத, வில்லையைவிட ஒரு நூலளவு சின்னதா வெட்டின ஏதோ ஒன்னு. கஸ்தூரி, புதுப் பொருளைப் பத்திரமா வச்சுக்கிறது உங்க பழக்கம். அந்த மூணு நாள்ல கண்ணாடிய எங்க கொண்டுபோனீங்க?"

கஸ்தூரியின் கை தானாகவே தன் கைக்கடிகாரத்தை மூடியது. முகம் சிவந்தது.

"கைப்பேசிக் கடைக்கு," என்றாள் முனகலாக. "கீறல் விழக்கூடாதுன்னு... போனுக்கு ஒட்டுற தாளையே அளவா வெட்டி ஒட்டச் சொன்னேன். இருக்கிறதுலயே நல்லதா ஒட்டுங்கன்னேன். கண்ணுக்கும் பாதுகாப்பு, கெட்ட கதிரெல்லாம் தடுத்துடும்னு அந்தப் பையன் சொன்னான்."

பிறகு தேன்மொழிதான் முதலில் சிரித்தாள், அடுத்து ஐயாசாமி, பிறகு திடலே சிரித்தது. கஸ்தூரி முந்தானை இல்லாத உடையில் முகத்தை எங்கே மறைப்பது என்று தெரியாமல் உள்ளங்கைகளில் புதைத்தாள்.

ஷாந்தினி பெட்டியை வாங்கித் திறந்தாள். நகத்தின் நுனியால் விளிம்பை மெல்ல நெம்பினாள். கண்ணுக்கே தெரியாத ஒரு தோல் உரிந்து வந்தது, பிறகு இன்னொன்று. கண்ணாடியை வெயிலில் நீட்டிப் பிடித்தாள். பத்துத் தலைகள் அதை நோக்கிக் குனிந்தன. முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாலில் டிக்காஷன் இறங்குவதைப்போல வில்லைக்குள் நிறம் பரவியது. சாம்பல், இன்னும் ஆழ்ந்த சாம்பல், கடைசியில் விளிம்புக் கோடு எது, நடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே கறுப்பு.

மனோகரன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எட்டாவது வரி காலியாக இருந்தது. அங்கே பெயரை எழுதி ரூபேந்திரன் முன் நீட்டினார். "எழுத்து சரியான்னு பாரு. தப்பு என்மேல, ரூபன். சிகாமட்ல உன் தெரு வந்ததும் நீ முன்னால போ, நாங்க பின்னால வர்றோம்."

"நடுவுல ரொட்டி சானாய் கிடையாதுண்ணே," என்றான் ரூபேந்திரன். பல நாளுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

அவன் கண்ணாடியை அணிந்துகொண்டு சைக்கிளில் திடலை ஒரு சுற்று வந்தான். முதல்முறையாக வெயிலில் முகம் சுளிக்காமல் வந்தான். கஸ்தூரிக்கு முன்னால் வந்து நிறுத்தியபோது அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கறுத்த வில்லைகளில் தன்னுடைய இரண்டு சின்ன உருவங்கள்தான் தெரிந்தன.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் குறைபட்டுக்கொண்டே. "ஆனா உங்க கண்ணு தெரியலையே."

ரூபேந்திரன் ஷாந்தினியின் பக்கம் திரும்பினான். "திரும்ப வெளுக்க எவ்வளவு நேரமாகும்?"

"கறுக்கிற மாதிரி அவ்வளவு வேகமா இல்ல. நிழல்ல நாலஞ்சு நிமிஷமாவது ஆகும்."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், திடலோரத்து மரத்தின் அடியில் நின்றான். கண்ணாடியைக் கழற்றவில்லை. கஸ்தூரி போய் அவனுக்கு எதிரே நின்றுகொண்டாள். இருவரும் அவசரப்படாமல், அது தெளியக் காத்திருந்தார்கள்.