முன்னால் நகர்ந்த சீட்

ஓசூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு லிங்கப்பன் மைசூருக்குத் திரும்பியபோது அவர் வீடு இருக்கும் மேட்டகள்ளியில் தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பையை வைத்ததும் நேராகப் போய் ஷெட்டைத் திறந்தார். மறுநாள் சாமராஜநகரிலிருந்து கவின்ராஜ் என்றொருவன் மனைவியோடு அவருடைய காரை விலைக்குப் பார்க்க வருகிறான். தூசி தட்டி வைக்க வேண்டும்.

வெள்ளை பியட். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிய நாளில் பழையதாக வாங்கியது. அதன் கார்புரேட்டரில் இன்றுவரை வேறு ஒருத்தர் கை பட்டதில்லை. ஆனால் மனைவி பாப்பாத்தி சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, அதில் ஏறி எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் வினிதா, வண்டியை விற்றுவிட்டு ஓசூருக்கே வந்துவிடும்படி நச்சரித்தாள். அவளுடைய அடுக்குமாடியில் இன்னொரு காருக்கு இடமில்லை. ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்கி அலுத்துப் போயிருந்தவர் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

சீட் முழுக்க முன்னால் நகர்ந்திருந்தது.

லிங்கப்பன் ஆறடி ஆள். ஊருக்குக் கிளம்பும் முன் அவர்தான் அதில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். சாவியும் அவரோடுதான் ஓசூருக்குப் போயிருந்தது. சீட்டை அவ்வளவு முன்னால் இழுத்துப்போட்டு ஓட்டியது ஒரே ஒருத்தி. பாப்பாத்தி குள்ளம். நாற்பது வயதுக்கு மேல் அடம்பிடித்து ஓட்டப் பழகி, கழுத்தை நீட்டியபடி மார்டள்ளி ஊர் வரைக்கும் ஓட்டுவாள். ஒவ்வொரு முறையும் "போலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவாள்.

அவர் சீட்டைப் பின்னால் தள்ளி, ஷெட்டைப் பூட்டினார்.

காலையில் அது மறுபடி முன்னால் வந்திருந்தது.

பயம் வரவில்லை. தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார். வண்டிக்குள் பெட்ரோல் வாடையோடு, அவள் முழங்காலில் தேய்க்கும் நீலகிரித் தைலத்தின் வாடையும் லேசாக இருந்தது.

கவின்ராஜும் அவன் மனைவி மனிஷாவும் வந்தார்கள். மனிஷா அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஆசையாகத் தடவினாள். விற்கிற எண்ணம் இல்லை என்று லிங்கப்பன் சொல்லி அனுப்பிவிட்டார். போனில் மகளுக்குக் கோபம்.

அதன்பின் சாயங்காலம் ஆனால் டம்ளரில் காப்பியோடு ஷெட்டுக்குப் போவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன சமைத்தார், யார் வீட்டில் கல்யாணம் என்றெல்லாம் காலியாக இருக்கும் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசுவார். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி. அவள் போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லாத வாய்க்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கண் அசந்துவிட்டார்.

விழித்தபோது வண்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து வைத்துவிட்டு வந்த ஷெட் கதவு சாத்திக் கிடந்தது. முகப்பு விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் புகை மெதுவாகச் சுழன்று எழுந்தது. தைலத்தின் நெடி மூக்கை எரித்தது.

கிளட்ச் மிதி தானாகக் கீழே இறங்கியது.

"போலாங்களா?"

அவள் குரல்தான். காதருகில். ஆனால் அந்தக் குரலோடு மூச்சுக்காற்று வரவில்லை.

லிங்கப்பன் கதவுப் பிடியைத் தொட்டார். திறக்க வேண்டும் என்று தோன்றியது. வெளியே போய் என்ன செய்வது என்றும் தோன்றியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"போலாம் புள்ள," என்றார்.

அவருக்கு அடுத்து நினைவு வந்தபோது வாசல் ஈரத்தில் மல்லாந்து கிடந்தார். பக்கத்து வீட்டு நஞ்சம்மா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக எஞ்சின் சத்தம் கேட்கிறதே என்று வந்தவள், கதவைத் திறந்து, அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்திருந்தாள். மறுபடி உள்ளே போய் வண்டியை அணைக்கப் பார்த்திருக்கிறாள். அதற்குள் அதுவே அணைந்துவிட்டதாம்.

அவள் அவருடைய சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஏனுங்ணா, சாவி உங்க பாக்கெட்டுலதான் இருக்குது. அப்ப வண்டிய ஆரு ஸ்டார்ட் பண்ணுனது?"

மறுநாளே அவர் கவின்ராஜைக் கூப்பிட்டார். வண்டியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "மூடுன எடத்துல எஞ்சின ஓட வுட்டுராதீங்க தம்பி. வெட்டவெளியிலயே நிறுத்துங்க." கவின்ராஜ் தலையாட்டினான். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை லிங்கப்பன் நின்றார். திரும்பி நடந்தபோது வீடு ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. அன்று காப்பி போட்டுக் குடிக்காமலே கீழே ஊற்றிவிட்டார். பேசுவதற்கு வாய் திறந்து மூடிக்கொண்டது எத்தனை முறை என்று அவருக்கே தெரியாது.

ஓசூருக்குக் கிளம்ப வேண்டிய காலையில் மனிஷா ஒரு படம் அனுப்பியிருந்தாள். சற்றுமுன் எடுத்தது. சாமராஜநகரில் அவர்கள் வீட்டு முன்னால், வெயிலில், மாலை போட்ட பியட். பார்த்துவிட்டு லிங்கப்பன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

விடிகாலையில் பெய்த மழையில் வாசல் மண் சேறாகியிருந்தது. அதில் நான்கு டயர்களின் புதுத் தடம் கேட்டிலிருந்து ஷெட்டுக்குள் போயிருந்தது.

வெளியே வந்த தடம் இல்லை.

ஷெட் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்பக்கம் தாழிட்டிருந்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். தெருவில் யாரும் இல்லை. பிறகு கையை உயர்த்தி, மெல்லக் கதவைத் தட்டினார்.