குடல் நூல்

கரைந்து கூழாகியிருக்க வேண்டிய நூல் வளர்ந்திருந்தது.

தேவநாதன் கண்ணாடிக் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். திண்டிவனத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிய பழைய மல்லாட்டை மண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆட்டுக்குடலை அலசி, சவ்வு சுரண்டி, முறுக்கிக் காயவைத்து, ஆபரேஷன் தையலுக்கு நூல் செய்யும் தொழிலை அந்த வருஷம்தான் ஆரம்பித்திருந்தான். உடம்புக்குள் தைத்தால் தானாகக் கரைந்துவிட வேண்டும், பிரிக்கிற வேலை இருக்கக்கூடாது. அதைச் சோதிக்கத்தான் இளஞ்சூட்டில் வைத்த இந்தத் திரவம். விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்ட துண்டு, இப்போது குடுவை நிறையச் சுருண்டு கிடந்தது.

"இன்னொரு நூலு போட்டியாம்மா இதுல?"

"யாரும் தொடலீங்க சார்," என்றாள் நூல் முறுக்கும் ராஜாமணி. "நேத்தே சொல்லலாம்னு பாத்தேன். பயமாக்கீது."

சோதனை முடியும் முன்பே ஒரு நூல் வெளியே போயிருந்தது. முதல் போணி சொந்த வீட்டிலேயே ஆனால் ராசி என்று, விழுப்புரத்தில் மனைவி கிருஷ்ணவேணிக்கு சிசேரியன் நடந்தபோது தன் நூலையே டாக்டரிடம் நீட்டிய மகாராஜன் இவன்தான். டாக்டர் தயங்கினார். இவன் விட்டால்தானே!

விழுப்புரத்து மாமியார் வீட்டுக்குக் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். மழையில் பஸ் ஊர்ந்தது. தார்ப்பாய் படபடக்கும் சத்தமும், ஈரத்துணி வாடையும், பக்கத்து சீட்டுக்காரனின் பீடிப் புகையும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வர, அவள் வயிற்றுக்குள் அது என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

மாமியார் குப்பம்மாள் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாப்ள. இன்னா இப்படி நனைஞ்சிக்கினு?"

"வேணி எப்படி இருக்கா?"

"நல்லா தூங்கறா. கொழந்தகூட காலையிலேர்ந்து அழவே இல்ல. பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாதுன்னு அவதான் கதவ சாத்திக்கினா."

அறைக்குள் சாம்பிராணிப் புகை மண்டியிருந்தது. அதற்கு அடியில் பச்சைக் குடலின் கவிச்சி. அவனுக்குத் தெரியாத வாடையா? மழைச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது. துணியில் நூல் இழுபடுவதுபோல. மெல்ல. விட்டு விட்டு.

"வேணி..."

அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். போர்வை கழுத்துவரை மூடியிருந்தது.

"தையல் வலிக்குதா?"

"வலியே இல்லீங்க. எல்லாம் நல்லா சேந்துக்கிச்சி."

போர்வையை விலக்கினான். அடிவயிற்றில் காயம் இல்லை. தழும்புகூட இல்லை. காயம் இருந்த இடத்திலிருந்து ஒரு நூல் வெளியே வந்து, ஈரமாக, தோலுக்குள் புகுந்தும் எழுந்தும் மேலே போனது. விலா எலும்பு வரை. அதற்கும் மேலே.

குழந்தை அவள் மார்பில் கவிழ்ந்து கிடந்தது. பதறிப்போய்த் தூக்கினான். வரவில்லை.

"இழுக்காதீங்க," என்றாள் கிருஷ்ணவேணி. "எங்க ரெண்டு பேருக்கும் வலிக்குது."

குழந்தையின் கன்னம் அவள் தோலோடு தைக்கப்பட்டிருந்தது. உதட்டைச் சுற்றியும். டாக்டர் கைக்குக்கூட வராத அழகான தையல். குழந்தை விழித்துத்தான் இருந்தது. அவனையே பார்த்தது. அழுவதற்கு அதற்கு வாய் இல்லை.

மாமியாரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் திரும்பினான்.

"கிட்ட வாங்க," என்று அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உள்ளங்கையில் சுருக்கென்று ஒரு குத்து. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.